உதவி தேவை: மடிக்கும்போது மக்னீசியத் தகடு விரிசல் விடுகிறது, டைட்டேனியத்துக்கு மாறலாமா?

தகட்டுவேலை:
வணக்கம். மோட்டார் ஒன்றைத் தாங்குவதற்காக 3 மி.மீ. மக்னீசிய உலோகக்கலவைத் தகட்டைச் செங்கோணமாக மடித்தேன். மடிப்பின் வெளிப்புறத்தில் நெடுக விரிசல் விட்டுவிட்டது. இரண்டாவது தகட்டுக்கும் அதே கதிதான். டைட்டேனியம் பல மடங்கு வலிமையானது என்கிறார்கள். எடையும் குறைவாக இருக்க வேண்டும். மாறிவிடலாமா? அவசரம், உடனே பதில் தேவை.

உலைக்களம்:
எந்தக் கலவை, மடிப்பின் உள் ஆரம் எவ்வளவு, தகட்டைச் சூடாக்கினீர்களா என்ற மூன்றையும் சொல்லாமல் யாராலும் உதவ முடியாது. மோட்டார் இயங்கும்போது தகடு எவ்வளவு சூடாகும் என்பதையும் சொல்லுங்கள். ஏ.இசட்.91 போன்ற பொதுவான மக்னீசியக் கலவைகள் ஏறத்தாழ 120 பாகை செல்சியசைத் தாண்டினாலே சுமையின்கீழ் மெல்ல மெல்ல உருமாறத் தொடங்கும்.

எடைக்கணக்கு:
வலிமையை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். டைட்டேனியம் 6-4 கலவையின் (6% அலுமினியம், 4% வனேடியம் கலந்தது) யங் குணகம், அதாவது பொருளின் விறைப்பளவு, 114 கிகாபாஸ்கல், அடர்த்தி கன செ.மீ.க்கு 4.43 கிராம், ஏ.இசட்.31 மக்னீசியத்துக்கு முறையே 45, 1.77. குணகத்தை அடர்த்தியால் வகுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் ஏறத்தாழ 25 என்றே வரும். ஆனால் தகடு வளையும்போது விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. ஆகவே உங்கள் 3 மி.மீ. மக்னீசியத்துக்கு இணையான விறைப்பைத் தர 2.2 மி.மீ. டைட்டேனியம் போதும் என்றாலும், அதன் எடை 1.8 மடங்காகிவிடும். மோட்டாரைத் தாங்கும் தகட்டுக்கு விறைப்புதான் முதன்மை என்பதால் மக்னீசியத்தை விட்டுவிடாதீர்கள்.

மூத்தவாசி:
இந்தக் கேள்வி இங்கே எத்தனையோ முறை வந்துவிட்டது. தேடிப் படித்துவிட்டுக் கேட்கும் பழக்கம் புதியவர்களிடம் இல்லை. மக்னீசியத்தின் படிக அமைப்பு அறுங்கோண நெருங்கிப் பொதிவு, அதாவது அணுக்கள் அறுங்கோண அடுக்குகளாக நெருங்கி அடுக்கப்பட்டவை. அறை வெப்பநிலையில் அந்த அடுக்குகளுக்கு இணையான அடித்தளங்கள் மட்டுமே எளிதில் நழுவும் என்பதால் குளிர்நிலையில் கூர்மையாக மடித்தால் அது உடையத்தான் செய்யும். இது அடிப்படைப் பாடம்.

உலைக்களம்:
டைட்டேனியத்தின் அமைப்பும் அறை வெப்பநிலையில் பெரும்பாலும் அறுங்கோணமே. அதில் பட்டகத் தளங்களும் (அறுங்கோணப் படிகத்தின் பக்கவாட்டுத் தளங்கள்) எளிதில் நழுவுவதால்தான் தூய டைட்டேனியம் மடிப்பைத் தாங்குகிறது. ஆகவே அறுங்கோணம் என்பது மட்டுமே விடையாகாது. மேலும் 6-4 கலவையைக் குளிர்நிலையில் மடிப்பதும் எளிதன்று; அதற்கும் பெரிய ஆரம் வேண்டும், கையை எடுத்ததும் கணிசமாக மீண்டு எழும்.

மூத்தவாசி:
நான் கேட்கப்பட்ட உலோகத்தைப் பற்றி மட்டுமே சொன்னேன்.

தகட்டுவேலை:
ஏ.இசட்.31பி, எச்24 நிலை (உருட்டிக் கடினமாக்கி, பின் ஓரளவு சூடாக்கி இளக்கியது). உள் ஆரம் 3 மி.மீ. சூடாக்கவில்லை. திறந்த வெளியில் பயன்படும்.

உலைக்களம்:
காரணம் கிடைத்துவிட்டது. குளிர்நிலையில் இந்தத் தகட்டுக்குத் தடிமனைப்போல் 5 மடங்குக்கும் மேலான ஆரம் தேவை. நீங்கள் கொடுத்தது ஒரே மடங்கு. தகட்டையும் அச்சையும் 250 பாகை அளவுக்குச் சூடாக்கினால் வேறு நழுவு தளங்களும் இயங்கத் தொடங்கும். அப்போதும் ஆரத்தை 6 மி.மீ.க்குக் குறைக்காதீர்கள். அதிக நேரம் சூட்டில் வைத்தால் எச்24 நிலையின் வலிமை குறைந்துவிடும். பளபளப்பான பரப்பில் அகச்சிவப்பு வெப்பமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டக்கூடும், எனவே தொட்டு அளக்கும் வெப்பமானியையே நம்புங்கள்.

எடைக்கணக்கு:
மக்னீசியத்தைச் சூடாக்கச் சொல்கிறீர்களே, தீப்பற்றாதா?

உலைக்களம்:
கனமான தகடு வெப்பத்தை விரைவாகப் பரப்பிவிடும். உருகுநிலையை நெருங்கினாலன்றி எளிதில் பற்றாது. 250 பாகை அதற்கு வெகு கீழே. ஆனால் சுடரை நேரடியாகக் காட்டாதீர்கள். ஆபத்து அரத்தூளிலும் சீவலிலும்தான் இருக்கிறது.

மூத்தவாசி:
டைட்டேனியச் சீவலும் எரியும் என்பதை யாரும் சொல்லவில்லை. இரண்டில் எது பற்றினாலும் தண்ணீரோ கார்பன் டை ஆக்சைடோ பயன்படுத்தக் கூடாது. உலோகத் தீக்கான உலர்தூள் அல்லது நன்கு உலர்ந்த மணல் அருகில் இருக்கட்டும்.

துருக்காவல்:
எல்லாரும் மடிப்பையே பேசுகிறீர்கள். திறந்த வெளி என்றால் எனக்கு அதைவிடப் பெரிய கவலை திருகாணிகள். எஃகு, டைட்டேனியம் எதுவாக இருந்தாலும், ஈரம் பட்டதும் மக்னீசியமே ஆனோடாகி (மின்கலத்தில் கரையும் முனைபோல), துளையைச் சுற்றி அரிக்கப்படும். மக்னீசியத்தின் திட்ட மின்முனை அழுத்தம் (இது தாழத் தாழ உலோகம் எளிதில் அரிக்கப்படும் போக்குடையது) ‑2.37 வோல்ட், கட்டுமான உலோகங்களில் இவ்வளவு தாழ்ந்தது வேறில்லை. எந்தத் திருகாணி போடுகிறீர்கள்? மின்கடத்தா வளையம் உண்டா? பரப்புக்குப் பூச்சு கொடுத்தீர்களா?

தகட்டுவேலை:
240 பாகையில், 8 மி.மீ. ஆரத்தில் மடித்தேன். விரிசல் இல்லை. அனைவருக்கும் நன்றி.

துருக்காவல்:
மகிழ்ச்சி. திருகாணி எதனால் ஆனது என்பதை மட்டும் சொல்லிவிடுங்கள்.