ஒரு வருடமாகச் சைக்கிள் வேகம் 25-ஐத் தாண்டவில்லை, சக்கரம் மாற்றலாமா?

கேள்வி
வணக்கம். ரோடு பைக் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. வாரம் நான்கு நாள், 30 கி.மீ. வீதம் ஓட்டுகிறேன். முதல் ஆறு மாதத்தில் சராசரி வேகம் மணிக்கு 20 கி.மீ.-இலிருந்து 25 ஆனது. அதோடு நின்றுவிட்டது. இத்தனைக்கும் தினமும் மூச்சு வாங்க வாங்கத்தான் மிதிக்கிறேன். டயர் 25 மி.மீ., காற்று 110 பிஎஸ்ஐ, என் எடை 68 கிலோ. லேசான சக்கரம் போட்டால் 30 வருமா?

பதில் 1
சக்கரத்தை அப்புறம் பார்க்கலாம். 'தினமும் மூச்சு வாங்க' என்கிறீர்களே, சிக்கல் அதில்தான். நானும் இரண்டு வருடம் அப்படி ஓட்டித் தேங்கிப் போனேன். நான்கு நாளும் ஒரே அரைகுறைக் கஷ்டத்தில் ஓட்டினால், நிஜமாகவே முடுக்க வேண்டிய நாளில் காலில் தெம்பு இருக்காது. மூன்று நாள் தடையில்லாமல் பேசிக்கொண்டே போகிற வேகத்தில் ஓட்டுங்கள். அதில் ஒரு நாள் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல். நான்காம் நாள், 15 நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, இரண்டு வார்த்தைக்கு மேல் பேச முடியாத வேகத்தில் 8 நிமிடம், பிறகு 3 நிமிடம் லேசாக. இப்படி நான்கு சுற்று. முதல் சுற்றிலேயே எல்லாத் தெம்பையும் செலவழித்துவிடாதீர்கள்.

பதில் 2
காற்றைக் கிழித்துப் போகத் தேவையான சக்தி வேகத்தின் மூன்றாம் அடுக்காக (வேகம் × வேகம் × வேகம்) ஏறும். 25-இலிருந்து 30-க்குப் போக, காற்றுக்கு மட்டுமே 70 சதவீதத்துக்கு மேல் கூடுதல் சக்தி வேண்டும். அந்தக் காற்று பெரும்பாலும் மோதுவது உங்கள் உடம்பில்தான். முழங்கையை மடக்கித் தோளைத் தாழ்த்துங்கள், படபடக்காத சட்டை போடுங்கள். லேசான சக்கரம் சமதரையில் தெரியவே தெரியாது. டயருக்கு 110 பிஎஸ்ஐ அதிகம், கரடான சாலையில் வண்டி துள்ளித் துள்ளி வேகம் வீணாகும். முன்னால் 80, பின்னால் 85 வைத்துப் பாருங்கள்.

கேட்டவர், ஆறு வாரம் கழித்து
அதே பாதையில் 26.8 வந்துவிட்டது! மெதுவாக ஓட்டப் பழகுவதுதான் கஷ்டமாக இருந்தது. ஆனால் முடுக்கும் நாளில், மூன்றாவது சுற்றில் முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது.

பதில் 1
ரொம்ப சந்தோஷம். வலி தீரும்வரை அந்தச் சுற்றுகளை நிறுத்துங்கள். சீட் தாழ்வாக இருக்கலாம்: பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீள வேண்டும். கனமான கியரில் அழுத்துகிறீர்களா? லேசான கியருக்கு மாற்றி, நிமிடத்துக்கு 85-90 சுற்று மிதித்துப் பாருங்கள். அப்படியும் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.