டிஸ்கவரி 3: விடியப் பார்த்தால் நாலு பக்கமும் படுத்துக் கிடக்கிறது, கொம்பிரசர்தானா?

வாவிக்கரை:
வணக்கம். 2.7 டீசல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி 3 வைத்திருக்கிறேன், ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் காற்றுப் பையில் நிற்கிற எயார் சஸ்பென்ஷன், இடம் மட்டக்களப்பு கல்லடி. கொஞ்ச நாளாக இரவு நிறுத்திவிட்டு விடியப் போய்ப் பார்த்தால் வாகனம் நாலு பக்கமும் சமமாக இறங்கி, மட்கார்ட் டயரைத் தொடுகிற மாதிரி நிற்கிறது. ஸ்டார்ட் பண்ணினால் மெதுவாக எழும்பும், ஆனால் கொம்பிரசர் கத்துகிற கத்தில் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து குரைக்கிறது. முதலில் சஸ்பென்ஷனுக்குரிய மஞ்சள் லைட் மட்டும் வந்து போனது. போன கிழமை மகாஓயா பக்கம் போய்த் திரும்பும்போது 50க்கு மேல் ஓடாதே என்று சிவப்பில் எழுதிக் காட்டியது, செங்கலடி வரை உருட்டிக்கொண்டு வந்தேன். இங்கே ஒரு கராஜில் காட்டினால், நாலும் ஒன்றாக இறங்குவதால் கொம்பிரசர்தான், புதிதாகப் போடுங்கள் என்கிறார்கள். விலையைக் கேட்டதும் தலை சுற்றுகிறது. மாரியில் படுவான்கரைப் பக்கம் வெள்ளத்துக்குள்ளும் ஓடிய வாகனம், அதனாலும் இருக்குமா? யாராவது வழி சொல்லுங்கள்.

டீசல்புகை:
மச்சான், எல்லாத்தையும் கழற்றி எறிந்துவிட்டு சுருள் ஸ்பிரிங் போடு. நம்ம ரோட்டுக்கும் உப்புக் காற்றுக்கும் எயார் சஸ்பென்ஷன் சரிப்படாது.

ஆலையடி காக்கா:
ஸ்பிரிங் கதையைப் பிறகு பார்ப்போம். அதைப் போட்டால் வாகனத்தை உயர்த்துகிற வசதி போய்விடும், அதுக்குத்தானே டிஸ்கவரி வாங்குகிறோம். லைட்டை அணைக்கத் தனியாக ஒரு வேலையும் இருக்கிறது.

தம்பி, கொம்பிரசர் காற்றடிக்கிற சாமான், காற்றைப் பிடித்து வைக்கிற சாமான் இல்லை. நிறுத்தி வைத்த வாகனம் இறங்குகிறதென்றால் எங்கேயோ கசிகிறது. நாலும் சமமாக இறங்குவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த வாகனத்தைப் பூட்டிவிட்டுப் போன பிறகும் சஸ்பென்ஷன் கம்பியூட்டர் இடைக்கிடை விழித்துப் பார்க்கும், ஒரு மூலை இறங்கியிருந்தால் மற்ற மூன்றிலும் காற்றைத் திறந்துவிட்டு வாகனத்தை மட்டமாக்கும். கசிவது ஒரு மூலை, படுப்பது நாலும். அந்தக் கசிவை நிரப்ப நிரப்பக் கொம்பிரசர் ஓய்வில்லாமல் ஓடிச் சூடேறித் தேய்கிறது. கசிவை விட்டுவிட்டுப் புதுக் கொம்பிரசர் போட்டால் அதுவும் அதே பாதையில்தான் போகும்.

செய்ய வேண்டியது இதுதான். மட்டமான இடத்தில் நிறுத்துங்கள் (மட்டக்களப்பில் அதைத் தேடத் தேவையில்லை). இரவு சஸ்பென்ஷனுக்குரிய பியூஸைக் கழற்றிவிட்டால் கம்பியூட்டர் தூங்கிவிடும். சில்லின் நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்பு வரை நாலு பக்கமும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள், விடிய மறுகா அளந்து பாருங்கள். எது இறங்கியதோ அந்த மூலைதான். பியூஸைத் திரும்பப் போட்டு, வாகனத்தை மேல் உயரத்துக்கு எழுப்பி, பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கரைத்து அடியுங்கள். ரப்பர் கீழே மடிகிற இடத்தில்தான் வெடிப்பு வரும், வாகனம் தாழ்ந்திருக்கும்போது அந்த மடிப்பு மூடிக் கொள்ளும், அதனால்தான் உயர்த்திப் பார்க்கச் சொல்கிறேன். பையிலும் குழாயிலும் நுரை வராவிட்டால் காற்றை நாலு பைக்கும் பிரித்து அனுப்புகிற வால்வ் புளொக்கைச் சந்தேகப்படலாம்.

ஒன்று மட்டும் கவனம்: காற்றில் நிற்கிற வாகனத்துக்குக் கீழே கையைக் காலை நீட்டாதீர்கள். எந்த நேரமும் இறங்கும். சேசிஸுக்கு ஸ்டாண்ட் கொடுத்த பிறகுதான் குனிய வேண்டும்.

பொத்துவில் கடல்மண்:
என்ட வாகனம் வேறு மாதிரி. இரவில் ஒன்றும் இறங்காது, ஓடும்போது திடீரென்று ஒரு பக்கம் சரியும். சோப்பு அடித்து அலுத்துப் போனேன். கடைசியில் பார்த்தால் உயரம் பார்க்கிற சென்சரின் பிளக்குக்குள் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. துப்புரவாக்கியதும் சரி. கடற்கரைப் பக்கம் ஓடுகிறவர்கள் அதையும் பாருங்கள். அப்புறம் ஸ்கேனர் விஷயம், எஞ்சினின் பிழைக் கோட் மட்டும் வாசிக்கிற சின்ன ஸ்கேனரில் சஸ்பென்ஷன் கோட் தெரியாது, லேண்ட் ரோவருக்கென்று உள்ளது வேண்டும்.

வாவிக்கரை:
காக்கா, சொன்ன மாதிரியே செய்தேன். பியூஸ் இல்லாத இரவில் மூன்று மூலை அசையவில்லை, பின் இடது மட்டும் நாலு விரல் இறங்கி நின்றது! ரப்பரில் ஒன்றுமில்லை. பைக்கு மேலே குழாய் உள்ளே போகிற பொருத்தியில் சோப்புத் தண்ணீர் பட்டதும் ஒரு நொடி ஒன்றுமில்லை, பிறகு வெள்ளையாகப் பொடி நுரை வளர்ந்து வளர்ந்து கீழே வழிந்தது. ஸ்கேனர் உள்ள ஒருவரைப் பிடித்துக் கோடும் பார்த்தாயிற்று, சி1ஏ20, காற்றுத் தாங்கி நிரம்ப நேரம் எடுக்கிறதாம்.

ஆலையடி காக்கா:
நல்ல காலம், மலிவான இடத்தில் கசிகிறது. அந்த ஸ்கேனரிலேயே அந்த மூலையின் காற்றை முழுக்க இறக்கிவிட்டுத்தான் பொருத்தியைத் தொட வேண்டும். குழாய் நுனியில் பழைய பொருத்தி கடித்த பல்லுத்தடம் இருக்கும், அதைக் கூரான பிளேடால் நேராகக் கொஞ்சம் வெட்டி எடுத்துவிட்டுப் புதுப் பொருத்தியில் அடிவரை தள்ளுங்கள். பழையதைத் திரும்பப் போடக் கூடாது, பசை கிசை ஒன்றும் பூசவும் வேண்டாம். வாகனத்தின் பாரத்தை ஜக்கில் தாங்கிக்கொண்டு காற்று நிரப்புங்கள், வெறும் பைமேல் பாரம் இருந்தால் ரப்பர் கோணலாக மடியும். கொம்பிரசருக்குக் கரண்ட் கொடுக்கிற ரிலேயையும் மாற்றுங்கள், இவ்வளவு ஓடியதில் அதன் முனை கருகியிருக்கும், சின்னக் காசுதான்.

சி1ஏ20ஐப் பார்த்ததும் கொம்பிரசர் செத்துவிட்டது என்று முடிவெடுக்க வேண்டாம், கசிவு இருந்தாலும் அது வரும். அந்தப் பிழைக் கோட் நம்பரை ஸ்கேனரில் அழித்துவிட்டு ஓடிப் பாருங்கள்.

வாவிக்கரை:
செய்தாயிற்று, இப்போது விடிய விடிய நின்ற உயரத்திலேயே நிற்கிறது. ஆனால் நிரம்ப இன்னும் நேரம் எடுக்கிறது, கோடும் ஒரு தரம் திரும்பி வந்தது. கொம்பிரசருக்குள் ரிங் மட்டும் மாற்றிப் பார்க்கலாமா, முழுக் கொம்பிரசரா?

ஆலையடி காக்கா:
திறந்து பாருங்கள். சிலிண்டர் சுவர் வழவழப்பாக இருந்தால் பிஸ்டன் ரிங் போதும். கூடவே காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிற உலர்த்திக்குள் இருக்கிற மணிகளையும் மாற்ற வேண்டும், வாவிக்கரை ஈரத்தில் அவை ஊறிப் பொடியாகி வால்வுகளை அடைக்கும். சுவரில் கீறல் இருந்தால் ரிங்கில் காசை விடாதீர்கள், கொம்பிரசர்தான். அதிலும் ஹிட்டாச்சி கம்பனியுடையது என்றால் கழற்றிப் போட்டால் சரி, ஏஎம்கே கம்பனியுடையது என்றால் கம்பியூட்டரில் மென்பொருளும் மாற்ற வேண்டும், அதை விற்கிறவர்கள் சொல்ல மாட்டார்கள். கொழும்பில் வாகன உதிரிப்பாகம் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போகிறவரிடம் சொல்லி எடுப்பிப்பதென்றால் பழையதின் பிளக்கையும் லேபலையும் படமெடுத்து அனுப்பிவிடுங்கள்.