பேட்ச் போட்ட ஐ915 (லினக்ஸ்ல இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர்) லோட் ஆகல, பழசே வருது. அவசரம்

புதுசு_23:
திரை மினுக்கறதைச் சரிபண்ண ஐ915-ல மூணே வரி கோட் மாத்தி பேட்ச் போட்டேன். மேக் (கட்டற கமாண்ட்) பிழை இல்லாம முடிஞ்சுது, கட்டின மாட்யூலை, அதாவது லினக்ஸோட மையமான கர்னல்ல ஏறுற டிரைவர் கோப்பை, நிறுவ மாட்யூல்ஸ்_இன்ஸ்டாலும் கொடுத்தாச்சு. ரீபூட் பண்ணினா திரை பழையபடியே மினுக்குது. டிமெசேஜ்ல (கர்னல் பதிவு) ஒரு பிழையும் இல்ல. எதை விட்டேன்? சீக்கிரம் சொல்லுங்க.

கர்னல்_குருவி:
எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை)? ஓடுற கர்னல் பதிப்புன்னு யூநேம் -ஆர் என்ன காட்டுது? சோர்ஸ் (மூலக் கோட்) எங்கேருந்து எடுத்தீங்க? செக்யூர் பூட் (கையொப்பம் இல்லாததைத் தடுக்கற பூட் காவல்) ஆன்ல இருக்கா, ஆஃப்லயா? இது தெரியாம ஜோசியம்தான் சொல்லணும்.

திரைமறைவு:
செக்யூர் பூட்தான், சந்தேகமே வேண்டாம். பயோஸ்ல போய் அணைச்சிடுங்க, முடிஞ்சுது.

பழைய_பென்குயின்:
கேள்வியைப் படிச்சிட்டுப் பதில் போடலாமே. கையொப்பம் இல்லாம தடுத்திருந்தா டிமெசேஜ்ல வந்திருக்கும். அதோட, புதுசைத் தடுத்தா பழசு தானா வந்து நிக்காது. ஐ915 இல்லாம வெறும் அடிப்படை டிஸ்ப்ளேலதான் திரை நிக்கும். இவருக்குப் பழசு நல்லா லோட் ஆகுது. தம்பி, மாட்யூல்ஸ்_இன்ஸ்டால் எங்க கொண்டு வைக்குதுன்னு பார்க்காமலே ரீபூட் பண்றவருக்கு கர்னல் பேட்ச் எதுக்கு? மோட்இன்ஃபோ -என் ஐ915 அடிச்சு வர்ற பாதையை இங்க போடுங்க.

புதுசு_23:
உபுண்டு 24.04, 6.8.0-45-ஜெனரிக். சோர்ஸ் கர்னல் டாட் ஆர்க்ல 6.8.12. பாதை 6.8.0-45-ஜெனரிக்/கர்னல்/டிரைவர்ஸ்/ஜிபியு/டிஆர்எம்/ஐ915/ஐ915.கேஓ.இசட்எஸ்டி

கர்னல்_குருவி:
அது டிஸ்ட்ரோவோட ஒரிஜினல். லிப்/மாட்யூல்ஸ்ல எல்எஸ் போடுங்க, 6.8.12-ன்னு இன்னொரு கோப்புறை இருக்கும். உங்க பேட்ச் அங்கதான் தூங்குது. ஓடுற கர்னல் தன் பேருள்ள கோப்புறையைத் தவிர வேற எதையும் எட்டிப் பார்க்காது.

பைட்_பயல்:
அப்ப அந்த கேஓவை (மாட்யூல் கோப்பு) இங்க காப்பி பண்ணி மோட்ப்ரோப் --ஃபோர்ஸ்னு வலுக்கட்டாயமா ஏத்தினா வேலை முடிஞ்சுதே?

கர்னல்_குருவி:
கூடாது. உபுண்டு கர்னல்ல மோட்வெர்ஷன்ஸ் (மாட்யூலும் கர்னலும் பொருந்துதான்னு சோதிக்கறது) ஆன்ல இருக்கு, ஒவ்வொரு சிம்பலுக்கும் (கர்னல் தர்ற ஃபங்ஷன், மாறி பேர்) ஒரு சிஆர்சி (சரிபார்ப்பு எண்). ஃபோர்ஸ் எடுபட்டாலும் அந்தச் சோதனையைத் தாண்டும், அவ்வளவுதான். ஸ்ட்ரக்சர்ல (தரவு அமைப்பு) ஒரு ஃபீல்டு தள்ளியிருந்தா தப்பான நினைவிடத்துல போய் எழுதும்.

புதுசு, இப்படிச் செய்ங்க. டெப்-சோர்ஸை (சோர்ஸ் தொகுப்பு தர்ற களஞ்சியம்) இயக்கிட்டு, ஆப்ட் சோர்ஸ்ல லினக்ஸ்-இமேஜ்-அன்சைன்ட்-6.8.0-45-ஜெனரிக் எடுங்க. வந்தது அதே 45-தானான்னு பாருங்க. பூட்ல இருக்கற கான்ஃபிக்-6.8.0-45-ஜெனரிக்கை .கான்ஃபிக்-ஆ (கட்டறதுக்கான அமைப்புக் கோப்பு) வைங்க. ஹெடர்ஸ் கோப்புறையிலேருந்து மாட்யூல்.சிம்வெர்ஸை (அந்த சிஆர்சி பட்டியல்) சோர்ஸோட வேர்க் கோப்புறைக்குக் காப்பி பண்ணுங்க. மாட்யூல்ஸ்_பிரிப்பேர் அதை உருவாக்காது, பலர் வழுக்கறது இங்கதான். பிறகு மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக், மேக் மாட்யூல்ஸ்_பிரிப்பேர், கடைசியா மேக் எம்=டிரைவர்ஸ்/ஜிபியு/டிஆர்எம்/ஐ915. மூணுலயும் கர்னல்ரிலீஸ்=6.8.0-45-ஜெனரிக் சேர்த்துக்குங்க. டிஸ்ட்ரோ கர்னலைக் கட்டின ஜிசிசி பதிப்பே இருக்கட்டும்.

ஐ915 கோப்புறையை மட்டும் தனியா வெளிய எடுத்துக் கட்டப் பார்க்காதீங்க. டிரேஸ் ஹெடர் பாதை முழு சோர்ஸ் மரத்தை எதிர்பார்க்குது, அங்கயே உடையும்.

பழைய_பென்குயின்:
டீபக் (பிழை தேடற) தகவலோட வர்ற கேஓ ரொம்பப் பெருசு, பூட் பார்ட்டிஷன் நிறைஞ்சிடும். அதை நீக்க ஸ்ட்ரிப் --ஸ்ட்ரிப்-டீபக் போடுங்க. வெறும் ஸ்ட்ரிப் போட்டா சிம்பல் டேபிளே போயிடும், லோட் ஆகாது. செக்யூர் பூட்டுக்கான கையொப்பம் அதுக்கப்புறம்தான், முன்னாடி போட்டா ஸ்ட்ரிப் அதையும் அழிச்சிடும். இதைத் தலைகீழா செஞ்சிட்டு இங்க வந்து நிக்கறவங்களுக்குக் குறைவே இல்ல.

திரைமறைவு:
கையொப்பமா? செக்யூர் பூட்டை அணைச்சா அந்தத் தொல்லையே இல்லையே. சொந்த மெஷின்ல யாரு வந்து ரூட்கிட் (ஒளிஞ்சிருக்கற தீம்பொருள்) போடப் போறா?

பைட்_பயல்:
அடுத்த ஆள் அலுவலக லேப்டாப்ல இதைப் படிச்சிட்டு அணைப்பார். பிட்லாக்கரோட (விண்டோஸ் வட்டுக் குறியாக்கம்) டூயல் பூட்னா மீட்பு சாவி கேட்டு நிக்கும். அதுக்குப் பதில் உங்க கையொப்பச் சாவியைச் சேர்க்க மோக்யூட்டில் --இம்போர்ட் ஒரு தடவை, ரீபூட்ல நீலத் திரையில என்ரோல். அப்புறம் கையொப்பம் போட கேமோட்சைன் ஒரே வரி.

திரைமறைவு:
அந்தக் கையொப்பச் சாவியும் அதே வட்டுலதானே கிடக்கு? ரூட் (நிர்வாகி அதிகாரம்) கிடைச்சவனுக்கு அதை எடுக்க எவ்வளவு நேரம்? பூட்டிட்டு சாவியைக் கதவுலயே தொங்கவிட்ட கதை.

பைட்_பயல்:
சாவிக்குப் பாஸ்வேர்டு போடலாம். தெரியாட்டி கேளுங்க.

புதுசு_23:
கட்டின கேஓவை அப்டேட்ஸ் கோப்புறையில வச்சு, மாட்யூல் பட்டியலைப் புதுப்பிக்க டெப்மோட் -ஏ கொடுத்தேன். மோட்இன்ஃபோ இப்ப புதுப் பாதை காட்டுது. ஆனா ரீபூட் பண்ணினா இன்னமும் மினுக்கல்!!

கர்னல்_குருவி:
சிஸ்/மாட்யூல்/ஐ915/எஸ்ஆர்சிவெர்ஷனை (ஏறின மாட்யூலோட சோர்ஸ் அடையாளம்) கேட் பண்ணுங்க. மோட்இன்ஃபோ -எஃப் எஸ்ஆர்சிவெர்ஷனோட ஒத்துப்போகலன்னா லோட் ஆனது வேற கோப்பு. எல்எஸ்இனிட்ராம்எஃப்எஸ்ல (பூட்ல முதல்ல ஏறுற இனிட்ராம்எஃப்எஸ் கோப்புகளைப் பட்டியலிடறது) ஐ915-ஐ கிரெப் பண்ணித் தேடிப் பாருங்க. பழசு உள்ள இருந்தா, வட்டு மவுண்ட் ஆகறதுக்கு முன்னாடியே ஏறிடும். அதைப் புதுசா கட்ட அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு கொடுங்க.

புதுசு_23:
அதேதான். சரியாயிடுச்சு. நன்றி

பழைய_பென்குயின்:
அடுத்த கர்னலுக்கு மாறின அன்னிக்கு மினுக்கல் திரும்ப வரும். அந்த அப்டேட்ஸ் கோப்புறை 45-க்கு மட்டும்தான். கர்னல் அப்டேட் ஆகாம நிறுத்த ஆப்ட்-மார்க் ஹோல்ட் போட்டீங்களா?

திரைமறைவு:
ஹோல்டா? பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்தச் சொல்றவர்தான் செக்யூர் பூட் பத்தி பாடம் எடுக்கறாரு.