ஆவுளியாவை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்: பாக் விரிகுடாக் கரை அனுபவங்கள்

பட்டுக்கோட்டையிலிருந்து:

2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் கடலை, நாட்டின் முதல் கடற்பசு (இங்கே ஆவுளியா என்போம்) பாதுகாப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்ததோடு சரி. கடலுக்குள் அதை யார், எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பது என்னைப் போல ஊருக்குள் இருப்பவர்களுக்குத் தெரியாது. தொழிலுக்குப் போகிறவர்கள், கரையில் வேலை செய்கிறவர்கள், பார்த்ததை அப்படியே எழுதுங்கள்.

மல்லிப்பட்டினம் பக்கம், நாட்டுப்படகுத் தொழில்:

விடிவதற்கு முன்னால் நானும் மச்சானும் வலை வாங்கிக்கொண்டிருந்தோம். பாதி வலை வந்த பிறகு இழுக்க முடியவில்லை. அடியில் ஏதோ மாட்டியிருக்கிறது என்று பார்த்தால், படகுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் பொங்கி, மாடு மூச்சு விடுகிற மாதிரி ஒரு சத்தம். டார்ச் அடித்தோம். சாம்பல் நிற முதுகு, அதில் வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். மூக்குத் துளை இரண்டும் மூடி மூடித் திறக்கின்றன. கழுத்திலும் கைத்துடுப்பிலும் வலை சுற்றியிருந்தது.

ஆவுளியா மீன் இல்லை. சில நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்து மூச்சு வாங்கியே ஆக வேண்டும். வலை கீழே பிடித்துக்கொண்டால் மூச்சு முட்டிச் செத்துப்போகும். "வலை புதுசு மச்சான், பிரிச்சு எடுக்கலாமா?" என்று கேட்டான். "நேரம் இல்லை, அறு" என்றேன். மூக்கு தண்ணீருக்கு மேலே நிற்கிற மாதிரி நான் வலையைத் தூக்கிப் பிடிக்க, அவன் ஒவ்வொரு கண்ணியாக அறுத்தான். வால் பக்கம் மட்டும் போகக்கூடாது, அடித்தால் ஆள் தாங்கமாட்டான். கடைசிக் கண்ணி விட்டதும் முங்கியது, கொஞ்ச தூரம் தள்ளி எழுந்தது. கூடவே ஒரு குட்டியும் எழுந்தது. அதுவரை குட்டி இருப்பதே எங்களுக்குத் தெரியாது.

என் தாத்தா காலத்தில் இதே ஆவுளியாவைக் கரையில் போட்டுக் கறி பங்கு வைப்பார்கள். 1972 வன உயிரினச் சட்டம் வந்து தடுத்தது உண்மைதான். ஆனால் இருட்டில், நடுக்கடலில் எந்த அதிகாரி வந்து பார்க்கப் போகிறார்? விழுந்தால் விட்டுவிடுவது என்று ஊரே பேசி வைத்திருப்பதால்தான் இன்று விடுகிறோம். பையன்கள் போனில் படம் எடுத்து வனத்துறைக்கு அனுப்புகிறார்கள், பாராட்டித் தொகை தருகிறார்கள். இந்திய வனவிலங்கு நிறுவனத்தின் திட்டத்தில் மீனவப் பிள்ளைகளுக்குப் படிப்பு உதவித்தொகையும் கிடைத்தது. ஆவுளியா மூன்றிலிருந்து ஏழு வருடத்துக்கு ஒரு குட்டிதான் போடும், ஒரு வருடத்துக்கு மேல் சுமக்கும். ஒன்றை இழந்தால் ஈடு கட்ட எவ்வளவு காலம் ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

மனோரா அருகே, கல்லூரி மாணவி:

அண்ணன் சொன்னது விலங்கைப் பற்றி. நான் அதன் சாப்பாட்டைப் பற்றிச் சொல்கிறேன். ஆவுளியா ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது கிலோ கடற்புல் மேயும். புல் அழிந்த இடத்தில் திரும்ப நடும் வேலையில் நானும் சேர்ந்துகொண்டேன். மூங்கிலைச் சதுரமாகக் கட்டி, குறுக்கும் நெடுக்கும் தேங்காய் நார்க் கயிறு ஓட்டி, புரியை விரலால் விரித்து, வேரோடு இருக்கிற புல்லைச் செருக வேண்டும். அந்தச் சட்டத்தை அப்படியே கடலடியில் கிடத்துவார்கள். புல் மண்ணில் வேர் பிடித்துக்கொள்ளும், மூங்கிலும் கயிறும் மட்கிப்போகும். நண்டுக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வது இந்தப் புல்லில்தான் என்பதால் மீனவர்களே படகு கொடுத்து உதவுகிறார்கள்.

கோட்டைப்பட்டினம், விசைப்படகில் போகிறவர்:

இழுவை மடி, அதாவது கடலடியில் இழுத்துக்கொண்டு போகிற வலை, புல்லை வாரிக்கொண்டு வருவதை மறுக்கமாட்டேன். கரையோரம் மடி இழுக்கக்கூடாது என்று சட்டமும் இருக்கிறது. மீறுகிறவர்களை எங்கள் சங்கத்துக்குள்ளேயே கேட்க வேண்டும், நான் கேட்கிறேன். ஆனால் படகுக் கடனோடு இருக்கிறவனிடம் தொழிலை மாற்று என்று சும்மா சொன்னால் நடக்காது.

சேதுபாவாசத்திரம் பக்கம், மீனவர் வீட்டுப் பெண்:

என் வீட்டுக்காரரும் வலையை அறுத்து ஒன்றை விட்டார். அதில் எனக்குப் பெருமைதான். ஆனால் அறுத்த வலைக்குப் பணம் கேட்டு மாதக்கணக்கில் அலைந்தோம், அதுவரை வட்டிக்கு வாங்கித்தான் புது வலை போட்டோம். அடுத்த முறை இருட்டில் கத்தியை எடுக்கும்போது அந்த வட்டி ஞாபகத்துக்கு வரக்கூடாது அல்லவா? அதனால் எங்கள் மகளிர் குழுச் சேமிப்பில் வலைக்கென்று தனியாக ஒரு தொகை ஒதுக்கியிருக்கிறோம். படம் காட்டினால் மறுநாளே கொடுப்போம், அரசுப் பணம் வந்ததும் குழுவில் கட்டிவிட வேண்டும். வேறு ஊரில் இப்படி நடத்துகிறவர்கள் இருந்தால், பணம் வரத் தாமதமாகும்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று எழுதுங்கள் அக்கா, அண்ணே.