9ஆம் நாள்: இடது காம்பு வெடித்து ரத்தம், மார்பு கல் மாதிரி, பால் பத்தவில்லை என்கிறார்கள்

வைகைக்கரை:

தோழிகளே, எனக்கு முதல் குழந்தை, பையன், சிசேரியன். இன்று 9ஆம் நாள், தேனி பக்கம் அம்மா வீட்டில் இருக்கிறேன். 4ஆம் நாள்தான் பால் நன்றாக இறங்கியது. இடது காம்பில் வெடிப்பு, அவன் வாய் வைத்ததும் வலியில் கால் விரல் எல்லாம் மடங்கிக்கொள்கிறது. முந்தாநாள் கக்கிய பாலில் லேசாக ரத்தம் இருந்ததைப் பார்த்து அம்மா பயந்துவிட்டார்கள், அன்றிலிருந்து இடது பக்கம் கொடுக்கவே இல்லை. இப்போது அந்தப் பக்கம் பால் கட்டிக் கல் மாதிரி இருக்கிறது, சூடாகவும் இருக்கிறது, காம்பு தட்டையாகிவிட்டது, கொடுக்க நினைத்தாலும் அவனால் பிடிக்க முடியவில்லை. மாமியார் வந்து பார்த்துவிட்டு, பிள்ளை அழுதுகொண்டே இருக்கிறான், உனக்குப் பால் பத்தவில்லை என்று பவுடர் பால் வாங்கி வைத்துவிட்டார்கள், இரண்டு நாளாக இரவில் இரண்டு தடவை 30 மில்லி கொடுக்கிறோம். பாட்டி மல்லிகைப்பூ வைத்துக் கட்டினால் கட்டு இறங்கும் என்கிறார்கள். தண்ணீர் அதிகம் குடித்தால் பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அதற்கும் அளவு. பிறந்தபோது 2.9 கிலோ, 7ஆம் நாள் 2.75. ஒரு நாளைக்கு 7, 8 தடவை சிறுநீர் போகிறான். எனக்குக் காய்ச்சல் இல்லை. எனக்குத் தாய்ப்பால்தான் கொடுக்க வேண்டும், ஆனால் அடுத்த தடவை அவன் அழும்போது எனக்குப் பயமாக இருக்கிறது. யாராவது சொல்லுங்கள்.

வார்டு அக்கா:

தங்கச்சி, முதலில் மல்லிகைப்பூ வேண்டாம் என்று பாட்டியிடம் இப்போதே சொல்லிவிடு. பிள்ளை தவறிப்போன தாய்க்கும் பால் மறக்க வைக்கவும்தான் அந்தக் காலத்தில் அதைக் கட்டினார்கள். அது வெறும் நம்பிக்கையும் இல்லை, 1988இல் வந்த ஓர் ஆய்வில் பால் வற்ற வைக்கும் புரோமோகிரிப்டின் மாத்திரையோடு ஒப்பிட்டுப் பார்த்து, பூவும் பால் சுரப்பைக் குறைக்கிறது என்றே கண்டார்கள். உனக்கு வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

நான் பிரசவ வார்டில் பல வருஷம் நர்ஸாக இருந்தவள். 2.9இல் 150 கிராம் குறைந்திருக்கிறது, அது 5 சதவீதம்தான். முதல் வாரத்தில் 7 சதவீதம் வரை குறைவது சாதாரணம், 10ஐத் தொட்டால்தான் உடனே கவனிக்க வேண்டும். பிறந்த எடைக்கு இரண்டு வாரத்தில் திரும்பினால் போதும். 5ஆம் நாளுக்கு மேல் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர், மஞ்சள் நிற மலம், இதுதான் பால் போகிறதா என்பதற்கு அளவு, அழுகை அளவில்லை. பால் பத்தவில்லை என்று சொல்ல நீ எழுதியதில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பால் குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். இரவில் பவுடர் கொடுத்தால் அந்த நேரத்துக்கு மார்பு காலியாகாது, உடம்பும் அவ்வளவு போதும் என்று நினைத்துச் சுரப்பைக் குறைத்துக்கொள்ளும். பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் இரவில்தான் அதிகம், அதனால் இரவுப் பாலை விடாதே.

வெடிப்புக்குக் காரணம் பெரும்பாலும் அவன் காம்பை மட்டும் கவ்வுவதுதான். இப்போதைக்கு அந்தப் பக்கம் விறைத்திருப்பதால் இரண்டு நிமிஷம் வெதுவெதுப்பான ஈரத்துணி போடு, பிறகு காம்பைச் சுற்றிக் கருவளையத்தில் விரல் நுனிகளை வைத்து உள்பக்கமாக ஒரு நிமிஷம் மெதுவாக அழுத்திப் பிடி, அந்த இடம் இளகும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஆங்கில எழுத்து சி மாதிரி வளைத்துக் கொஞ்சம் பாலைக் கையாலேயே பீய்ச்சு. அப்புறம் பிள்ளையை எடு. சிசேரியன் தையல்மேல் படாமல் இருக்க, அவன் உடம்பை உன் கக்கத்துக்குக் கீழே வைத்துக் கால்கள் உன் முதுகுப் பக்கம் போகிற மாதிரி பிடி, அடியில் தலையணை கொடு. அவன் மூக்குக்கு நேராகக் காம்பு இருக்கட்டும், மேலுதட்டில் லேசாகத் தொடு, கொட்டாவி விடுகிற மாதிரி வாயைப் பெரிதாகத் திறக்கும் வரை பொறுத்திரு, அந்த நொடியில் அவனை உன் பக்கம் கொண்டு வா, நீ அவன் பக்கம் குனியாதே. தாடை மார்பில் அழுந்த வேண்டும், கீழுதடு வெளியே மடங்கியிருக்க வேண்டும், கீழ்ப்பக்கக் கருவளையம் அவன் வாய்க்குள் போயிருக்க வேண்டும். முதல் அரை நிமிஷம் வலிக்கும். அதற்கு மேலும் குத்துகிற மாதிரி வலித்தால் அப்படியே இழுக்காமல், வாயோரத்தில் சுண்டுவிரலை விட்டு விடுவித்து மறுபடி முயற்சி செய். எத்தனை தடவை ஆனாலும் சரி.

கக்கிய பாலில் இருந்த ரத்தம் பெரும்பாலும் உன் வெடிப்பிலிருந்து வந்ததுதான், அது அவனுக்கு ஒன்றும் செய்யாது. வெடிப்பு ஆறியும் ரத்தம் வந்தால் டாக்டரிடம் காட்டு. குடித்த பிறகு இரண்டு சொட்டுப் பாலைக் காம்பில் தடவிக் காற்றில் உலர விடு. சோப்பு போடாதே. வலி தாங்காமல் ஒரு வேளை இடது பக்கம் கொடுக்க முடியாவிட்டால் பீய்ச்சிப் பாலாடையில் புகட்டு, பாட்டில் வேண்டாம். தண்ணீர் தாகத்துக்குத் தாராளமாகக் குடி. பிள்ளைக்குத்தான் 6 மாதம் வரை தண்ணீர் கிடையாது, வெயில் காலமானாலும்.

இவ்வளவு செய்தும் இரண்டு நாளில் வலி குறையவில்லை என்றால் நாக்கு அடியில் ஒட்டியிருக்கிறதா என்று குழந்தை டாக்டரிடம் பார்க்கச் சொல்.

இரட்டைப்பிள்ளை அம்மா:

மேலே அக்கா சொன்னதோடு ஒன்று. எனக்கு இதே மாதிரி கட்டியபோது, பழக்கமான ஓர் அம்மாவைக் கூப்பிட்டு விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்த்து அழுத்திப் பிழியச் சொன்னார்கள், நான் கத்தக் கத்தப் பிழிந்தார்கள், மறுநாள் காலையில் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், மார்பில் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு. மார்பு அழற்சி என்று டாக்டர் ஆன்டிபயாடிக் கொடுத்து, பாலை நிறுத்தக் கூடாது, அந்த மாத்திரையோடே கொடுக்கலாம் என்றார். கட்டியைப் பிசைந்தால் உள்ளே வீக்கம்தான் கூடும் என்று அன்றுதான் தெரிந்தது. யாரையும் அழுத்திப் பிழிய விடாதீர்கள் தோழி. குடித்து முடித்த பிறகு ஐஸைத் துணியில் சுற்றிப் பத்து நிமிஷம் வையுங்கள், வலியும் வீக்கமும் இறங்கும். பம்ப் வைத்து ஒட்ட ஒட்ட எடுக்கவும் வேண்டாம், எடுத்த அளவுக்கு மறுபடி ஊறும். காய்ச்சல் வந்தால் வீட்டில் காத்திருக்காமல் அன்றே போய்விடுங்கள். சீழ் பிடித்த பிறகு போன ஒரு பெண்ணை அதே டாக்டரிடம் பார்த்தேன், கீறி எடுக்க வேண்டியதாகிவிட்டது.

நிலாவின் அப்பா:

பெண்கள் பேசுகிற இடத்தில் எழுதுவதற்கு மன்னிக்கவும். சகோதரி, உங்கள் வீட்டுக்காரர் இதைப் படிக்கட்டும். என் மனைவிக்கும் பால் பத்தவில்லை என்று வீட்டில் பேச ஆரம்பித்தபோது, நான் நாள்காட்டியின் பின்பக்கத்தில் சிறுநீர் போன ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போட்டு அம்மாவிடம் காட்டினேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எழவில்லை. இரவில் குழந்தையைத் தூக்கிக் கொடுப்பது, ஏப்பம் விட வைப்பது, துணி மாற்றுவது எல்லாம் அப்பாவே செய்யலாம், தையலோடு இருக்கும் தாய் ஒவ்வொரு தடவையும் எழுந்து அலைய வேண்டியதில்லை.

வைகைக்கரை:

எல்லோருக்கும் நன்றி. இன்று 13ஆம் நாள். அன்று இரவே கையால் பீய்ச்சினேன், முதலில் சொட்டுச் சொட்டாகத்தான், பத்து நிமிஷத்தில் பாலாடை நிறைந்துவிட்டது, அம்மா பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பவுடர் டப்பாவை அலமாரியில் ஏற்றிவிட்டார்கள். கக்கத்தில் வைத்துப் பிடித்தபோது ஐந்தாவது தடவையில்தான் சரியாகக் கவ்வினான், முழுங்குகிற சத்தம் எனக்கே கேட்டது. வெடிப்பு ஆறிக்கொண்டிருக்கிறது. இன்று காலை எடை 2.9. ஒரே ஒரு சந்தேகம், அக்கா. சாயங்காலம் 6 மணியிலிருந்து 9 மணி வரை விடவே மாட்டேன் என்கிறான், எடுத்தால் அழுகிறான், மார்பு தொளதொளவென்று இருக்கிறது. அந்த நேரத்தில் பால் இல்லையோ?

வார்டு அக்கா:

இருக்கிறது தங்கச்சி. சின்னப் பிள்ளைகள் சாயங்காலம் அப்படித்தான், கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பத் திரும்பக் குடிக்கும், சில வாரத்தில் குறையும். மார்பு தொளதொளப்பாக இருந்தாலும் அவன் உறிஞ்ச உறிஞ்ச ஊறிக்கொண்டேதான் இருக்கும். 6 மணிக்கு முன்னாலேயே நீ சாப்பிட்டுவிடு, பக்கத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துக்கொள், ஒருக்களித்துப் படுத்துக் கொடு. 21ஆம் நாள் எடை பார்த்து எழுது.