குளிர்காலத்தில் மீன் பொரித்த வாடையை எப்படிப் போக்குகிறீர்கள்?

வணக்கம். டொராண்டோ பக்கம் அடுக்குமாடி வீட்டில் இருப்பவர்கள் கொஞ்சம் உதவுங்கள்.

கோடையில் சன்னலைத் திறந்தால் போதும். இப்போது வெளியே மைனஸ் 15. திறக்கவும் முடியவில்லை, மூடி வைத்தால் வாசலில் தொங்கும் குளிர்கோட்டு வரை வாடை ஏறிவிடுகிறது. அந்தக் கோட்டைப் பற்றிப் பள்ளியில் யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அதிலிருந்து மகள் வீட்டில் மீனே வேண்டாம் என்கிறாள். நெத்திலி வறுவல் என்றால் உயிரை விடுகிற பிள்ளை. எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எங்கள் அடுப்புக்கு மேலே உள்ள விசிறி புகையை வெளியே தள்ளாது. வலையில் எண்ணெயைப் பிடித்துக்கொண்டு காற்றை மறுபடி சமையலறைக்கே விடுகிற வகை. அதில் கரி ஃபில்டர் போட்டால் வாடை குறையும் என்கிறார்கள். போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? நம் பொரியலுக்கும் தாளிப்புக்கும் அது எத்தனை நாள் தாங்கும்?

மீனில் எலுமிச்சை பிழிந்து ஊறவைப்பதால் கவிச்சி குறைகிறது, ஆனால் பொரித்த எண்ணெய் வாடை போவதில்லை. பட்டை, கிராம்பு கொதிக்கவிட்டால் அந்த வாசம் மேலே தெரிகிறது, அவ்வளவுதான். குளியலறை விசிறி வெளியே தள்ளும் வகை என்பதால், அதன் கதவைத் திறந்து வைத்து ஓடவிடுவது ஓரளவு உதவுகிறது. வாசனை ஸ்பிரே மட்டும் சொல்லாதீர்கள், மகளுக்கு வீசிங் உண்டு.

அப்புறம், ஏர் ஃபிரையரில் மீன் செய்பவர்கள் சொல்லுங்கள்: வாடை உண்மையிலேயே குறைவா?