ஆம்ப் போட்டும் காரில் பாட்டு நன்றாக இல்லை, உதவுங்கள்

பெகுப்பையன்:
போன வாரம் காரில் புது ஆம்ப்பும் (சத்தத்தைக் கூட்டுகிற ஆம்ப்ளிஃபையர்) முன்கதவு ஸ்பீக்கரும் போட்டேன். நிறையக் காசு போய்விட்டது, ஆனால் பழைய ஸ்பீக்கரே தேவலை. டும் டும் என்கிற பேஸ் இல்லவே இல்லை, கூடவே குய்ங் என்று ஒரு சத்தம். ஞாயிறு அம்மாவை ரங்கூன் காளியம்மன் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன், அதற்குள் சரியாக வேண்டும். என்ன செய்ய?

தட்டோன்காரர்:
என்ன கார் தம்பி? ஆம்ப் எங்கே இருக்கிறது? குய்ங் எப்போதும் வருகிறதா, இன்ஜின் ஓடும்போது மட்டுமா?

மழைக்காலம்:
ஜப்பான் கார்தானே? ரேடியோதான் காரணம். அந்த ஊர்ப் பழைய கார் ரேடியோவில் எஃப்எம் 76இல் தொடங்கி 90 மெகாஹெர்ட்ஸோடு முடிந்துவிடும். மேலே இருக்கும் அலைவரிசையைக் கீழே இறக்கித் தருகிற கன்வர்ட்டர் போடுங்கள்.

ஒயர்மேன்:
தெரியாமல் ஆம்ப் வாங்குகிறவர்கள் எல்லாரும் இதைத்தான் கேட்கிறீர்கள். ஆம்ப்பில் இருக்கிற கெய்ன் திருகு வால்யூம் இல்லை, உள்ளே வரும் சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துவது, முதலில் அதைத் தெரிந்துகொண்டு வாருங்கள். முழுக்கத் திருகி வைத்திருப்பீர்கள், இரைச்சல் வராமல் என்ன செய்யும்?

மோல்மீன்வாசி:
கன்வர்ட்டர் எதற்கு? ரங்கூன் வானொலி சிட்டி எஃப்எம் 89.0, ஜப்பான் ரேடியோ அப்படியே பிடிக்கும். 12 மெகாஹெர்ட்ஸ் இறக்குகிற கன்வர்ட்டர் போட்டால் அதையே 77இல் தேட வேண்டும்.

மழைக்காலம்:
90க்கு மேலே வருவதை எப்படிக் கேட்பீர்கள்? நான் போட்டு 3 வருடமாக நன்றாகத்தான் இருக்கிறது.

மோல்மீன்வாசி:
உங்கள் கன்வர்ட்டர் அவர் பேஸைக் கூட்டாது. அவர் கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள்.

பெகுப்பையன்:
ரேடியோ கேட்பதே இல்லை, போன் ப்ளூடூத்தான். கார் டொயோட்டா ப்ரோபாக்ஸ், ஆம்ப் பின்னால் இருக்கிறது. ஆக்ஸிலேட்டர் மிதித்தால் குய்ங்கும் ஏறுகிறது. கெய்ன் முக்கால்வாசி.

தட்டோன்காரர்:
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே தம்பி. மிதிக்க மிதிக்க ஏறினால் அது ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்வது) இரைச்சல். ஆம்ப் எர்த் ஒயரைப் பார், அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும், பெயின்டைச் சுரண்டி வெறும் தகரத்தில் முறுக்க வேண்டும். முறுக்கியும் போகாவிட்டால், ரேடியோவிலிருந்து பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ ஒயரை ஆம்ப்பில் கழற்றிப் பார். அப்போது நின்றால் ஆம்ப்பில் கோளாறு இல்லை, முன்னாலிருந்து வரும் வழியில் இருக்கிறது. பேட்டரி ஒயரும் ஆர்சிஏவும் ஒரே பக்கமாகப் போகிறதா பார், ஆளுக்கொரு பக்கம் போக வேண்டும்.

பேஸ் வேறு கதை. ரேடியோவில் இடது, வலது பேலன்ஸை ஒரு பக்கம் முழுக்கத் தள்ளிக் கேள். ஒற்றை ஸ்பீக்கர் பாடும்போது பேஸ் கூடினால் ஒரு கதவில் ப்ளஸ், மைனஸ் மாறியிருக்கிறது, இரண்டும் சேர்ந்து பாடும்போது ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது. ஆம்ப் பக்கம் ஒயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பென்சில் பேட்டரியை ப்ளஸுக்கு ப்ளஸ் ஒரு நொடி தொடு, ஸ்பீக்கரின் கோன் (நடுவில் அசையும் கூம்பு) வெளியே தள்ள வேண்டும். உள்ளே இழுத்தால் மாற்றிப் போடு.

ஒயர்மேன்:
கெய்னையும் குறையுங்கள். நான் சொன்னது அதுதான்.

கதவுத்தகரம்:
கதவு உள்தகரத்தில் பெரிய ஓட்டைகள் இருக்கும், பியூட்டைல் ஷீட் (ஒட்டும் ரப்பர் தகடு) ஒட்டி அடையுங்கள். அடியில் மழைத்தண்ணீர் வடிகிற துளைகளை மட்டும் தொடாதீர்கள், அடைத்தால் கதவே துருப்பிடித்துவிடும். எனக்கு ஸ்பீக்கர் மாற்றியதைவிட இதில்தான் வித்தியாசம் தெரிந்தது.

பெகுப்பையன்:
வலது கதவு மாறித்தான் இருந்தது. எர்த் ஒயரை சீட் போல்ட்டில் பெயின்ட் மேலேயே முறுக்கியிருந்தார்கள். இரண்டும் சரி செய்தாகிவிட்டது, குய்ங் போச்சு. நன்றி அண்ணே, கிளம்புகிறோம்.

மழைக்காலம்:
என்ன ஆம்ப் என்று சொல்லவே இல்லையே?